எழுத்தாளர்களே, மனு எழுத வாருங்கள்

'சமூக நீதியும் இலக்கியமும்' என்று தலைப்பு வைத்தால் மதுரையில் எந்த மண்டபமும் நிறைந்துவிடும். பொன்னாடை, தேநீர், மூன்று மணி நேரப் பேச்சு. பேச்சைக் குறை சொல்லவில்லை. கை தட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டத்தில் இந்த மேடைக்காரர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால் அந்தப் பக்கம் போகாமல் எனக்கு வாரம் கழிவதில்லை. பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு வாதம் உருவாகியிருக்கிறது. சாதிக் கொடுமை வழக்குகளில் பல, நீதிபதியின் முன்னால் போய் நிற்பதற்கு வெகு காலம் முன்பே, முதல் மனு எழுதும்போதே தோற்றுவிடுகின்றன.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் என்பது போதும், ஊரும் பெயரும் வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா கொண்டுவந்த மனுவில் இப்படி இருந்தது: "மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி, கொலை மிரட்டல் விடுத்தார். ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதே வாக்கியத்தை வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த மனுக்களில் எழுத்து மாறாமல் படித்திருக்கிறேன். என்ன நடந்தது என்று அந்த அம்மாவையே சொல்லச் சொன்னேன். அவர் குடத்திலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருமாம். அன்றைக்குக் காலை ஆறரை மணிக்கு வந்திருக்கிறது. அவர் குடம் பாதி நிறைந்திருந்தபோது அந்த ஆள் வந்து காலால் எத்தியிருக்கிறான். சாதிப் பெயரோடு ஒரு வசவு. எதிரே பெட்டிக்கடைக்காரர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். வரிசையில் நான்கு பெண்கள். குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை நிறுத்தி, "குழாயைக் கழுவிவிட்டுப் போ" என்றிருக்கிறான். அவரும் கழுவிவிட்டு வந்திருக்கிறார்.

குழாயைக் கழுவ வைத்த கதை மனுவில் ஒரு வரிகூட இல்லை. நடக்காத கொலை மிரட்டல் இருக்கிறது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் செய்த திருத்தம் அடுத்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது குற்றங்களின் பட்டியல் நீண்டது. ஊர்ப் பொதுக் கிணறு, குளம், குழாய் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது தனிக் குற்றம். குழாய் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது இன்னொரு குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். வெளியாட்கள் யாரும் இல்லாத நேரத்தில் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் திட்டியது இதில் அடங்காது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பெட்டிக்கடைக்காரரும் நான்கு பெண்களும்தான் இந்த வழக்கின் உயிர். அவர்களை எழுதாமல் விட்டு, 'இழிவுபடுத்தி' என்று பூசி மெழுகிய மனுவுக்கு யாரால் உயிர் கொடுக்க முடியும்?

கொலை மிரட்டல் விஷயம் இதைவிட மோசம். எழுதுகிறவர் நல்ல எண்ணத்தில்தான் சேர்க்கிறார், மனு கனமாக இருக்கட்டும் என்று. மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையை வைப்பது அங்கேதான். "கொன்றுவிடுவேன் என்று சொன்னாரா அம்மா?" உண்மை பேசுகிற பெண் "அப்படிச் சொல்லவில்லை" என்பார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு குடம், வசவு, குழாய் எல்லாமே கட்டுக்கதை என்று வாதாடிவிடுவார்கள். நானே எதிர்த்தரப்பில் நின்றாலும் அதைத்தான் செய்வேன்.

மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்னால் இருபது பேர் காத்திருக்க, கொடுக்கிற சில்லறையை வாங்கிக்கொண்டு அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மளமளவென்று எழுதுகிறவரிடம் நிதானமாகக் கதை கேட்கும் நேரத்தை எதிர்பார்க்க முடியாது. காவல் நிலைய எழுத்தருக்கும் அந்த நேரம் இல்லை. பல நேரங்களில் மனமும் இல்லை. வக்கீல்களாகிய நாங்களோ முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான் உள்ளே வருகிறோம். எங்கள் தமிழும் 'மேற்படி'யிலும் 'அன்னாரி'லும் ஊறிப்போனதுதான்.

கதை கேட்கிற காதும், விவரத்தை விடாத கண்ணும் யாரிடம் இருக்கின்றன? சிறுகதை எழுதுகிறவர்களிடம் இருக்கின்றன. தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992-இல் இந்த மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. அனுபவித்தவர் தம் வாய்மொழியிலேயே, யார் எங்கே நின்றார்கள் என்பதுவரை சொல்லும்போது படிக்கிறவனால் தப்பித்து ஓட முடியாது என்பதை என் தலைமுறைக்கு அந்தப் புத்தகம் காட்டிக் கொடுத்தது. அந்தப் பயிற்சி நூலக அலமாரியோடு நின்றுவிட வேண்டுமா? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மனுவில் உவமை வேண்டாம், கண்ணீர்க் கடலும் வேண்டாம். கவிஞர்கள் கொஞ்சம் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

'கலைஞனுக்கு இதெல்லாம் வேலையா' என்று ஒரு நண்பர் கேட்டார். நம் ஊரின் பழைய கதையைத்தான் அவருக்குச் சொன்னேன். சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி, கைரேகை பதியச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில், வெள்ளையர் ஆட்சியில் இங்கே அநியாயமே சட்டமாக வந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர், பத்திரிகை ஆசிரியர், போராட்டக்காரர் மூன்றும் அவர் ஒருவரே. 1939 ஜூலை 8 அன்று கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன வைத்தியநாத ஐயரும் வக்கீல்தான். சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சட்டம் கையில் இருந்தும் நடக்காத கதையும் நம்மிடமே உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் தேர்தல் முறையாக நடக்கவில்லை. பெயருக்கு ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்தார்கள். இயக்கங்கள் விடாமல் குரல் கொடுத்து, மாவட்ட நிர்வாகமும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய பிறகு 2006-இல்தான் அது முடிந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான், 1997 ஜூன் 30 அன்று, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2001 ஆயிற்று. அவர்களில் 13 பேர் 2019-இல் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள். மனு கொடுக்கப் போவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருந்த மாவட்டம் இது. அந்தக் காகிதத்தில் நான்கு வரி ஒழுங்காக இருக்க வேண்டாமா?

எழுதிக் கொடுத்ததோடு கழன்றுகொள்ளவும் கூடாது. இந்தச் சட்டத்தில் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர் எழுந்து பேசலாம். நீதிமன்றத்துக்கு வந்துபோகும் பயணச் செலவையும் அரசே தர வேண்டும். இதைக் கேட்டு வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னதை எழுதினால் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் அதை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

அந்த அம்மாவின் மனுவை அவர் சொன்ன வரிசையிலேயே திருப்பி எழுதினோம். ஒன்றரைப் பக்கம் வந்தது. குடம், ஆறரை மணி, பெட்டிக்கடை, நான்கு பெண்கள், அந்த வசவு எழுத்துக்கு எழுத்து, கழுவிய குழாய். கொலை மிரட்டலை அடித்துவிட்டோம். வழக்குப் பதிவாகிவிட்டது, கடைக்காரர் சாட்சி சொல்வாரா என்பது அவர் கையில்.

ஆட்சியர் அலுவலகம் அண்ணா பஸ் நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரம்தான். வருகிறவர்கள் பேனாவும் வெள்ளைத்தாளும் கொண்டுவந்தால் போதும். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். வெயில் ஏறிவிட்டால் மரத்தடியில் இடம் கிடைக்காது.