தீவு மூடும் நேரத்தில்தான் லீவு

அக்காவுக்குச் சிங்கப்பூரில் வேலை. தீபாவளிக்கும் வருடக் கடைசிக்கும்தான் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வருவாள். சரியாக அப்போதுதான் கிழக்குக் கரையோரப் பெர்ஹெந்தியான் தீவுகளில் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். பங்கோர் தீவு பக்கத்தில்தானே என்பார்கள். எத்தனை தடவைதான் பங்கோருக்கே போவது?

ஒரே ஒரு ஜூனில், நான் வேலை செய்யும் தோட்டத்து மேனேஜரிடம் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கினேன். அக்காவும் வந்தாள். கோலா பெசுட்டில் படகு ஏறிப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது ஆமை ஒன்று அக்காவின் முழங்காலை உரசாத குறையாக நீந்திப் போனது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்த நகத் தடம் சாயங்காலம் வரை இருந்தது.

இந்த வருடமும் கேட்டேன். தோட்டத்தில் ஆளில்லையாம். எண்ணெய் எடுக்கும் செம்பனை வருடம் முழுக்கக் காய்க்கும், சரி. அதற்காக நாங்கள் ஜூனில் கடலையே பார்க்கக் கூடாதா?