எருமைச் சண்டையில் செத்தவன்

செத்த வீரனுக்கு நட்ட நடுகல் ஒன்றின் படத்தைப் போட்டு "எங்கள் குலத்து மாவீரன், பெரும்போரில் வீழ்ந்தவன்" என்று எழுதுகிற பதிவுகள் மாதத்துக்கு ஒன்றாவது கண்ணில் படுகின்றன. கல்லில் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போடக்கூடாதா?

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரைசர் என்ற சிற்றரசர் பேரும் வருகிறது. செத்தவன் பேர் கருந்தேவக்கத்தி. எதற்காகச் செத்தான்? 'தன் எருமைப் புறத்தே' பட்டான், அதாவது செத்தான். அவ்வளவுதான். எருமைக்காக நடந்த கைகலப்பு. அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதாம். அதற்கும் பேர் போட்டு எழுத்து வெட்டியிருக்கிறார்கள்!

அதே மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்லும். அதை நாம் பரீட்சைக்குப் படித்து மறந்தோம். இந்தக் கல்லிலோ ராஜா வெறும் தேதிக்குத்தான் வருகிறார். கதை மாடு மேய்த்த ஊருடையது.

அந்தப் பக்கமெல்லாம் பல்லவர், வாணர், கங்கர் என்று கைமாறிக்கொண்டிருந்த எல்லை நிலம். மந்தையை ஓட்டிப்போனால் ஊரின் பாலும் ஏரும் போச்சு. அதனால்தான் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று அத்தனை கற்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கல்லிலும் 'ஆகோள்' என்றுதான் இருக்கிறது. ஆகோள் என்றால் மாடு பிடித்தல். அங்கேயும் மாட்டுச் சண்டைதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படிப்பட்ட கற்கள் பல இன்று வேடியப்பன் என்கிற சாமி. நான் பார்த்த ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறி, வில் பிடித்த கை மட்டும்தான் தடவினால் தெரிந்தது. எழுத்து மறைகிறதே என்று ஆய்வாளர்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த எண்ணெய் இல்லையென்றால் அந்தக் கல் எப்போதோ துணி துவைக்கப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, சாதி விஷயத்துக்கு வருவோம். எடுத்தனூர்க் கல்லில் இருப்பது அவன் பேர், அவன் யாருக்கு இளமகன் என்பது, எருமை, நாய். நீங்கள் பதிவில் போடுகிற பட்டம் எதுவும் அதில் இல்லை. நல்லவேளை, அந்த நாயை மட்டும் இன்னும் யாரும் தங்கள் சாதி என்று சொல்லவில்லை.