ஆகஸ்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் சீசன் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. ஆனால் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் மீதான விசாரணை ஜூலை கடைசியில், ட்ரெயினிங் கேம்ப் திறக்கும் அன்றே தொடங்கிவிடுகிறது. காலைப் பயிற்சியில் ஒருவர் எறிந்த பந்துகளில் எத்தனை பிடிபட்டன, எத்தனை தரையில் விழுந்தன, எத்தனையை எதிர்ப்பக்கம் பறித்தது என்று மைதான ஓரத்தில் நிற்கும் நிருபர்கள் ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பையன் தேறுவானா மாட்டானா என்று ஊரே பேசி முடித்துவிடுகிறது. துணிந்து எறிந்து பார்க்கவும், தப்பு செய்து திருத்திக்கொள்ளவும்தானே பயிற்சி? அங்கே செய்யும் தப்பையும் கணக்கில் எழுதினால் ஒருவர் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

பல வருடங்களாகச் சிகாகோ பக்கம் இருக்கிறேன். பியர்ஸ் என் அணி. குவார்ட்டர்பேக்குகளைக் கொண்டாடி வரவேற்பதும், இரண்டு மூன்று வருடத்தில் திட்டி அனுப்புவதும் இந்த ஊருக்குப் பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஓர் இளம் குவார்ட்டர்பேக் தோற்றுப்போனால், பெரும்பாலும் அவருக்கு முன்பே தோற்றது அவரைச் சுற்றியிருந்த அணிதான். அவரைக் காக்க வேண்டிய லைன், சொல்லிக்கொடுக்க வேண்டிய கோச், பொறுமையாக இருக்க வேண்டிய நிர்வாகம், எல்லாம் சேர்ந்துதான் தோற்கின்றன. பெயர் கெடுவது மட்டும் அவர் ஒருவருக்கு.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு ப்ளே. ஒரு ப்ளே முடிந்ததும் அடுத்ததற்கான 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் உள்ள ரேடியோவில் கோச் அடுத்த ப்ளே என்ன என்று சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ தானாகவே அணைந்துவிடும். பத்துப் பதினைந்து சொற்கள்கூட வரும் அந்த அழைப்பை அவர் ஹடிலில், அதாவது வட்டமாகக் கூடி நிற்கும்போது, மற்ற பத்துப் பேருக்கும் பிசகாமல் சொல்ல வேண்டும். அப்புறம் லைனுக்கு வந்து எதிரணி நிற்கும் விதத்தைப் படிக்க வேண்டும். யார் பாய்ந்து வரப்போகிறார், யார் வருவதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கப்போகிறார் என்று கணிக்க வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகு கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை, மூன்று விநாடி. அந்த நேரத்தை அவருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து ஆஃபென்சிவ் லைன்மேன்கள். அவர்களில் ஒருவர் சறுக்கினாலும், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் ஓடி வந்து குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்த்துவிடுவார். அதுதான் சாக்.

கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர் முதல் பந்திலேயே போனாலும் அடுத்து ஆட ஆள் வருவார். இங்கே தன் அணி தாக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு ப்ளேயிலும் பந்து இந்த ஒரே ஆள் கை வழியாகத்தான் போகும். அதனால் எல்லார் கண்ணும் அவர் மேல் விழுவது இயல்பு, அதில் எனக்குக் குறையில்லை. என் கோபம் வேறொன்றின் மேல். 53 பேர் கொண்ட அணியின் வெற்றி தோல்விக் கணக்கை ஒரே ஒருவர் பெயரில் எழுதுகிறோமே, அதன் மேல். லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் இத்தனை ஆட்டம் வென்றார், இத்தனை தோற்றார் என்று எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் அது நெற்றியில் ஒட்டிய சீட்டு.

சாம் டார்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2018 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக அவரை நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. அப்போது வயது 21 கூட ஆகவில்லை, ஜூனில்தான் ஆனது. அந்த செப்டம்பரில் டெட்ராய்ட்டுக்கு எதிராக என்எஃப்எல்லில் அவர் எறிந்த முதல் பந்தே பறிக்கப்பட்டு எதிரணிக்கு டச்டவுன் (ஆறு புள்ளி) ஆனது. அதன் பிறகு அவர் நிலைகுலையாமல் ஆடினார், ஜெட்ஸ் 48-17 என்று வென்றது. நெஞ்சுரம் இல்லாத பையனால் அது முடியுமா? ஆனால் நியூயார்க்குக்கு அவர் நல்ல ஆட்டக்காரராக இருந்தால் மட்டும் போதவில்லை. பழைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத் 1969 ஜனவரியில் வென்ற சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டிக்குப் பிறகு அந்த அணி இன்னொன்றைப் பார்க்கவில்லை. அத்தனை வருடப் பசியையும் அந்த 21 வயதுக்காரர் தோளில் ஏற்றிவைத்தார்கள்.

இரண்டாம் வருடத்தில் கோச் மாறினார். 2019 அக்டோபரில் ஒரு திங்கள் இரவு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியிடம் ஜெட்ஸ் 33-0 என்று தோற்றது. டார்னால்ட் எறிந்த நான்கு பந்துகள் பறிபோயின. அன்று அவர் உடையில் மைக் மாட்டியிருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், தனக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னார். பாய்ந்து வரும் ஆட்கள் இல்லாத இடத்திலும் இருப்பதுபோல் தோன்றுவதை அந்த விளையாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். கூட ஆடுபவர்களிடம் மனம் விட்டுச் சொன்ன அந்த ஒரு வரியை நாடு முழுக்க ஒளிபரப்பினார்கள். ஆறு வருடங்கள் அவரைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் அந்த வரி கூடவே வந்தது. அடி வாங்கி வாங்கி, தன்னைக் காக்க ஆளில்லை என்று உடம்பே கற்றுக்கொண்டதன் விளைவு அது. அதை அவருடைய கோழைத்தனமாக மாற்றிச் சிரித்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

2020இல் ஜெட்ஸ் 2-14, அதாவது இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி. அடுத்த வருடம் அவரைக் கரோலைனா பேந்தர்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு வருடம், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் மாற்று ஆட்டக்காரராக ஒரு வருடம். 2024இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. அதுவும் முதல் சுற்றில் எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்தி தயாராகும்வரை இடத்தை நிரப்பத்தான். ஆகஸ்டில் மெக்கார்த்திக்கு முழங்காலில் அடிபட்டது. டார்னால்ட் இறங்கினார். நல்ல கோச், பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெபர்சன், ஒழுங்கான திட்டம். 14-3, 35 டச்டவுன். அதே கை, அதே தலை, சுற்றியிருந்தது மட்டும் வேறு.

அதற்கும் கிடைத்தது என்ன? கடைசி லீக் ஆட்டமும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டமும் சரியாகப் போகவில்லை. பிளேஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை ஒன்பது முறை சாய்த்தது. உடனே பழைய டார்னால்ட் திரும்பிவிட்டார் என்றார்கள். வைக்கிங்ஸ் விட்டுவிட, சியாட்டில் சீஹாக்ஸ் எடுத்தது. 2025 ஆகஸ்டில் நான் கேட்ட பேச்செல்லாம் இவர் எப்போது சரிவார் என்பதுதான். நவம்பரில் ராம்ஸிடம் நான்கு பந்துகளைப் பறிகொடுத்தபோது, பார்த்தீர்களா என்றார்கள். அதே ராம்ஸைத்தான், லீக்கின் ஒரு பாதியான என்எஃப்சியின் இறுதியில் வீழ்த்தினார். 2026 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றார். ஜெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட அதே ஆள்.

அந்த 2018 டிராஃப்டில் ஏழாவதாகப் போனவர் ஜாஷ் ஆலன். முதல் வருடம் அவர் எறிந்ததில் பிடிபட்டது 52.8 சதவீதம்தான். இவருக்குக் குறி பார்த்து எறியவே வராது என்று எழுதாதவர்கள் குறைவு. ஆனால் பஃபலோ பில்ஸ் அவருக்கு முதல் நான்கு வருடமும் ஒரே ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரை (தாக்குதலைத் திட்டமிடும் கோச்) கொடுத்தது. 2020இல் பந்தைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸைக் கொண்டுவந்தது. அந்த வருடம் அவருடைய சதவீதம் 69.2. 2024இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. ஒரே வருடம் வந்த இரண்டு பேர். ஒருவருக்கு வீடு கிடைத்தது, இன்னொருவர் அதைத் தேடி எட்டு வருடம் ஐந்து ஊர் அலைய வேண்டியிருந்தது.

ஏன் அணிகள் பொறுமையாக இருப்பதில்லை? இதில் பணக்கணக்கு இருக்கிறது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. டிராஃப்டில் வரும் குவார்ட்டர்பேக் நான்கு வருடம் ஒப்பீட்டளவில் மலிவு. முதல் சுற்றில் எடுத்தவராக இருந்தால் ஐந்தாம் வருடத்தையும் அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். அந்த முடிவை மூன்றாம் சீசன் முடிந்ததுமே எடுத்தாக வேண்டும். அதன் பிறகு விலை எகிறிவிடும். டாலஸ் கௌபாய்ஸின் டாக் பிரெஸ்காட்டுக்கு 2024இல் கொடுத்த ஒப்பந்தம் வருடத்துக்குச் சராசரியாக 6 கோடி டாலர். 2025இல் ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பள வரம்பே 27.92 கோடி டாலர்தான். அதனால் மலிவாக இருக்கும்போதே ஜெயித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் பறக்கிறது. கோச்சுக்கோ அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே தெரியாது. பக்குவப்படாத பையனை முதல் வாரமே இறக்கிவிடுகிறார்கள். தோற்றால் கோச்சைத் தூக்குகிறார்கள். புது கோச் புது பிளேபுக்கோடு, அதாவது புது ஆட்டத் திட்டங்களோடு, வருகிறார். பையன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார்.

பேட்டன் மேனிங் 1998இல் முதல் சீசனில் 28 பந்துகளைப் பறிகொடுத்தார். புதியவர்களில் அதுதான் இன்றுவரை சாதனை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 3-13. அடுத்த வருடமே 13-3. இன்று ஒருவர் முதல் வருடத்தில் 28 பந்துகளைப் பறிகொடுத்தால் அவரை இரண்டாம் வருடம் பார்க்க விடுவார்களா? 2023 டிராஃப்டின் முதல் ஆளான பிரைஸ் யங்கை, இரண்டாம் சீசனில் இரண்டே ஆட்டம் முடிந்ததும் பேந்தர்ஸ் பெஞ்சில் உட்காரவைத்தது. அவரும் பிறகு திரும்பி வந்து நன்றாக ஆடினார்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2017இல் ஒரே ஓர் இடம் முன்னேறுவதற்காகப் டிராஃப்டில் தனக்கிருந்த வேறு பல வாய்ப்புகளைக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கியை பியர்ஸ் எடுத்தது. அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். ட்ருபிஸ்கி இங்கிருந்த காலம் முழுக்க, அவர் மஹோம்ஸ் இல்லை என்பதுதான் அவர் மேல் இருந்த முதல் குற்றச்சாட்டு. அது அவர் செய்த தேர்வா? மஹோம்ஸும்கூட முதல் வருடத்தில் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அந்த வசதி ட்ருபிஸ்கிக்குக் கிடைக்கவில்லை.

2024இல் கேலப் வில்லியம்ஸ் வந்தார், டிராஃப்டின் முதல் ஆள். அந்த ஆகஸ்டில் இங்கே பேசிய பேச்சைக் கேட்டால், வந்து இறங்கியதுமே எல்லாம் மாறிவிடும் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நடந்தது வேறு. 68 முறை அவரைச் சாய்த்தார்கள், அந்த வருடம் லீக்கிலேயே அதிகம். நவம்பருக்குள் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரும் போனார், தலைமைக் கோச்சும் போனார். 5-12. பந்தைக் கையிலேயே ரொம்ப நேரம் வைத்திருக்கிறார் என்றார்கள். உண்மைதான், அதில் அவர் பங்கும் உண்டு. ஆனால் 68 சாக்குகள் ஒரு மனிதர் தனியாகச் செய்யும் தவறு அல்ல.

2025இல் பென் ஜான்சன் கோச்சாக வந்தார். லைனின் நடுப்பகுதிக்கு ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று மூன்று பேரைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. 11-6, பிரிவில் முதலிடம், பிளேஆஃபில் பேக்கர்ஸை வீழ்த்திய வெற்றி. வில்லியம்ஸ் 3,942 யார்டு எறிந்து அணியின் ஒரு சீசன் சாதனையை முறியடித்தார். இத்தனைக்கும் அவர் எறிந்ததில் பிடிபட்டது 60 சதவீதத்துக்கும் கீழே. இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் இப்போது எங்கே போனாலும் சூப்பர் பவுல் பேச்சுதான். வாஷிங்டனில் இளம் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸுக்கு நடந்ததை அதற்குள் மறந்துவிட்டார்களா? முதல் வருடம் 12-5 என்று என்எஃப்சி இறுதிவரை கொண்டுபோனார். அடுத்த வருடம் காயங்கள், அணி 5-12.

கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறார்களே, தாங்கட்டும் என்று சொல்பவர்களுக்கு கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஆண்ட்ரூ லக்கை நினைவுபடுத்துகிறேன். சிறுநீரகம் கிழிந்தது, தோள்பட்டையில் அறுவை சிகிச்சை, 2017 சீசன் முழுக்க வெளியே. 2018இல் திரும்பி வந்து கோல்ட்ஸைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். அடுத்த காயம் ஆறவில்லை. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி சீசனுக்கு முந்தைய ஒரு பயிற்சி ஆட்டத்தின் நடுவே கசிந்தது. எதிரணி எங்கள் பியர்ஸ்தான். மைதானத்தை விட்டு நடந்துபோனவரைப் பார்த்து அவருடைய சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு விரட்டினார்கள். அது வலித்தது என்று கொஞ்ச நேரத்தில் செய்தியாளர்களிடம் அவரே சொன்னார். அந்த ஊருக்காகத்தான் அந்த உடம்பு உடைந்தது. கோபப்பட்டவர்களுக்கு அவர் வலி தெரியவில்லை, அடுத்த இரண்டு வாரத்தில் தொடங்க இருந்த தங்கள் சீசன்தான் தெரிந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் விளையாட்டுச் சூதாட்டம் சட்டப்படி ஆகிவிட்டதால், இன்று அந்தக் கோபத்தோடு பணமும் கலந்திருக்கிறது. பந்தயம் தோற்றவர்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே வசை அனுப்புகிறார்கள்.

எதிர்பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் ரசிகர் ஏது? கேட்பதைச் சரியான ஆளிடம் கேளுங்கள் என்கிறேன். ஒரு குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் பேசும் முன் அவர் முன்னால் நிற்கும் ஐந்து பேர் யார், அவருக்கு இது எத்தனையாவது பிளேபுக், பந்து பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டென்னசி டைட்டன்ஸின் கேம் வார்டு 2025 டிராஃப்டின் முதல் ஆள். அவருடைய முதல் சீசனில் ஆறு ஆட்டம் முடிந்ததுமே தலைமைக் கோச்சை நீக்கினார்கள், அணி 3-14. இரண்டாம் வருடத்துக்குள் வேறு கோச், வேறு திட்டம். ஆகஸ்டில் அவர் எறியும் பந்துகளை எண்ணப்போகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும்.