இதய பம்ப் எல்லோருக்கும் அல்ல

மாரடைப்புக்குக் காரணமான அடைப்பை ஸ்டென்ட் வைத்து நீக்கிய பிறகும் இதயத்தின் இடது கீழறை ஓய்ந்துபோய், ரத்த அழுத்தம் சரிந்து, கைகால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதவில்லை என்பதைக் காட்டும் லாக்டேட் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும் நிலையைக் கார்டியோஜெனிக் ஷாக் என்கிறார்கள். இந்த நிலைக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்றும் பிழைப்பதில்லை. இதயத்தால் முடியாத வேலையை ஒரு கருவி செய்தால் போதுமே என்ற நம்பிக்கையில் வந்தவை பல. இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடிக்குள் விரிந்து சுருங்கும் பலூன் பம்ப், 2012இல் 600 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் தோற்றது. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோவும் 2023இல் அப்படியே; முப்பது நாள் இறப்பு, வைத்தவர்களில் 47.8 சதவீதம், வைக்காதவர்களில் 49 சதவீதம். எக்மோ ரத்தத்தைப் பெருநாடிக்குள் எதிர்த்திசையில் தள்ளுவதால், ஏற்கெனவே களைத்த கீழறையின் சுமை கூடிவிடுகிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

இம்பெல்லா பம்ப் வேறு வழியில் இயங்குகிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட அந்தக் குழாய், தொடைத் தமனி வழியே ஏறி, பெருநாடி வால்வைக் கடந்து கீழறைக்குள் நுழைகிறது. அதனுள் இருக்கும் சிறு திருகு, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று கீழறையின் ரத்தத்தை இழுத்துப் பெருநாடியில் விடுகிறது. 2024இல் வெளியான டேஞ்சர் ஷாக் ஆய்வில், இதை வைத்தவர்களில் 180 நாட்களுக்குள் இறந்தவர்கள் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5 சதவீதம். எட்டுப் பேருக்கு வைத்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது என்ற இந்தக் கணக்கை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் "பம்ப் உயிர் காக்கிறது" என்று ஒரே வரியில் செய்தி பரவுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, நினைவு திரும்பாமல் கிடந்தவர்களும், வலது கீழறை செயலிழந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. மூன்று நாடுகளில் தேடியும், தகுதியான சுமார் 360 பேரைச் சேர்க்கப் பத்தாண்டுகள் பிடித்தன என்பதே, இது எவ்வளவு குறுகிய கூட்டத்துக்கான சிகிச்சை என்பதைச் சொல்லிவிடுகிறது.

அதற்கான விலையும் கொஞ்சமல்ல. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் பம்ப் வைத்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 27 சதவீதம். ரத்தக்கசிவும் ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வளவு வேகத்தில் சுழலும் திருகு சிவப்பணுக்களைச் சிதைத்தால் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கும். தொடை வழியே செலுத்திய குழாய் ரத்த ஓட்டத்தை மறித்தால் கால் வெளுத்துச் சில்லிடும் என்பதால், செவிலியர் அடிக்கடி பாதத்தின் நாடித் துடிப்பைத் தேடிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கண்காணிப்புக்கு ஆளில்லாத இடத்தில், எப்போதாவது ஒருமுறை வைத்துப் பழகுவதைவிட, நோயாளியைப் பழகிய குழுவிடம் விரைவாக அனுப்புவதே சரி என்பேன்.

கையெழுத்து வாங்கும் பரபரப்பிலும், சிறுநீரகத்துக்கும் காலுக்கும் என்ன ஆகலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டு நினைவின்றிக் கிடப்பவருக்கு "பம்ப் வேண்டாம்" என்று மருத்துவர் முடிவெடுத்தால், அதைக் கைவிடுதலாகவோ பணத்தை வைத்து எடுத்த முடிவாகவோ பார்ப்பது நியாயமில்லை. அவருக்குப் பலன் உண்டு என்று இந்த ஆய்வு எங்கும் காட்டவில்லை.