மெடிகேர் இருப்பதால் நகர நிதி வீண் என்பது தவறு

"அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2018 முதலே சர்க்கரை நோய்த் தடுப்பு வகுப்புக்குப் பணம் தருகிறது, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்களுக்கென நகராட்சி தனியாகச் செலவழிப்பது இரட்டைச் செலவு" என்று சிலர் சொல்வது பாதி உண்மை. மெடிகேர் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கானது. நாம் பேசுவதோ குழந்தை வளர்க்கும் வயதில், எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் உள்ள பெற்றோரைப் பற்றி. கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு காப்பீடான மெடிக்கால் 2019 முதல் 18 வயது நிரம்பியவர்களுக்கும் தருகிறது, உண்மைதான். ஆனால் அதுவும் வகுப்பு நடந்த பிறகு வரும் பணம். ஆள் சேர்க்க, ஸ்பானிஷ் பேசும் ப்ரொமோதோராவை (அந்தச் சமூகத்திலிருந்தே வரும் சுகாதாரப் பணியாளரை) பயிற்றுவிக்க, இடம் பிடிக்க முன்பணம் வேண்டும். சிறிய அமைப்புகள் தடுமாறுவது இங்கேதான்.

பாடத்திட்டம் ஓராண்டு: முதல் 6 மாதத்தில் குறைந்தது 16 வகுப்பு, அடுத்த 6 மாதத்தில் குறைந்தது 6. மாலை வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் பேருந்துக் காசும் இல்லாவிட்டால் நாலாவது வாரத்தோடு நின்றுவிடுவார். மெடிகேர் கட்டணத்தில் இந்த இரண்டுமே அடங்காது. வருகை குறைந்தால் எடையும் குறையாது. 2002இல் வெளியான ஆய்வில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது, 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இலக்காக வைத்து ஆளுக்கு ஆள் துணை நின்றதால்தான்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2014இல் வாக்கெடுப்பில் ஏற்ற, அவுன்சுக்கு 1 சென்ட் சர்க்கரைப் பான வரி பொது நிதிக்குத்தான் போகிறது. நிபுணர் குழு பரிந்துரைக்கும், நகர மன்றம் முடிவெடுக்கும். அதனால் இந்த வகுப்புகளுக்கான பணத்தை ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் கேட்டாக வேண்டும்.