பின்னங்கால் இருப்பதே நாய்க்குத் தெரியாது

"ஹீல் சொன்னா உங்க லாப்ரடார் வருமா?" என்று யாராவது கேட்டால், ரொம்ப நாள் வரைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஹீல் என்பது நம் இடது காலை ஒட்டி வந்து நேராக இரு என்று நாய்க்குச் சொல்கிற கட்டளை. மின்னி வருவாள், வராமல் இல்லை. வந்து என் காலை ஒட்டித் தலையை வைத்துக்கொண்டு, பிஸ்கட் எங்கே என்று பார்ப்பாள். தலை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். பின்பாகம் மட்டும் வேறு எங்கோ கிளம்பியது மாதிரி இடப்பக்கம் தள்ளி, கோணலாக உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஒரு ட்ரெயினரிடம் போனோம். லீஷை வெடுக்கென்று இழுங்கள், இடுப்பைத் தள்ளி நேராக உட்கார வையுங்கள் என்றார். நான் தள்ளினேன். அவள் என் கையை எதிர்த்து இன்னும் வெளியே சாய்ந்தாள். தள்ளினால் எதிர்த்துத் தள்ளுவது எந்த நாயும் செய்கிற காரியம்தான், அதில் திமிர் ஒன்றும் இல்லை. ஒரே வாரத்தில் ஹீல் என்ற சொல் காதில் விழுந்தாலே காதைப் பின்னுக்கு மடக்க ஆரம்பித்தாள். அதோடு அந்த வகுப்பை விட்டுவிட்டேன்.

என் கருத்து இதுதான்: நம்மில் பெரும்பாலானவர்கள் ஹீலை நடக்க வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. ஹீல் ஒரு இடம். நம் இடது காலின் பேண்ட் தையலுக்கு நேராக நாயின் தோள், நாம் பார்க்கும் திசைக்கு இணையாக அதன் முதுகு. நின்றாலும் திரும்பினாலும் பின்னால் ஒரு அடி வைத்தாலும் அந்த இடம் நம்மோடு நகரும், நாய் அதைத் தேடி வந்து சேர வேண்டும். அந்த இடத்துக்குள் நுழையத் தெரியாத நாயை அதே இடத்தில் நடத்திக் கூட்டிப்போக எப்படி முடியும்?

இடப்பக்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: வேட்டைக்குப் போனவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியை வலப்பக்கம் பிடித்தார்கள், நாய்க்கு இடப்பக்கம் மிஞ்சியது என்பார்கள். ரெட்ரீவருக்கு, அதாவது சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் லாப்ரடார் மாதிரி நாய்களுக்கு, அந்த வேட்டைக் கணக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். விழுந்த பறவையைப் பார்க்காத நாயை அனுப்பும்போது, அதற்குத் தெரிந்த முக்கியமான தகவல் தன் முதுகு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பதுதான். உட்கார்ந்த இடத்தில் 5 டிகிரி கோணல் என்றால், 100 மீட்டர் ஓடி முடிக்கும்போது கிட்டத்தட்ட 9 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நாங்கள் வேட்டைக்குப் போகிறவர்கள் இல்லை, பறவைக்குப் பதில் டம்மி என்கிற பயிற்சிப் பொருளை வீசி எடுத்துவரச் சொல்கிற ஆட்கள்தான். ஆனாலும் கணக்கு அதேதான்.

சரி, என்ன மாற்றினேன்? ஒரு பேசினைக் கவிழ்த்துப் போட்டு, வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் விரிப்பு ஒட்டினேன். முன்னங்கால் இரண்டும் அதன் மேல் வந்தால் "யெஸ்", உடனே ஒரு துண்டு தீனி. இது இரண்டே நாளில் வந்துவிட்டது. அப்புறம் அவளுக்கு எதிரே நின்று, மெதுவாகப் பக்கவாட்டில் ஒரு அடி வைத்தேன். என்னைப் பார்க்க வேண்டும், முன்னங்காலையும் இறக்கக் கூடாது. வேறு வழியில்லாமல் பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நகர்த்தினாள். நகர்த்திவிட்டு, யாரோ பின்னால் தொட்டுவிட்ட மாதிரி திரும்பித் தன் காலையே பார்த்தாள்! இரண்டு வருஷமாக அந்தக் கால்கள் அவள் பின்னால் சும்மா தொடர்ந்து வந்துகொண்டிருந்தன போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவளை என் இடப்பக்கம் பேசின் மேல் நிறுத்தி, நான் இடதுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினேன். அவள் பின்பாகம் என் காலை நோக்கி ஒடுங்கி வந்தது. இந்த அசைவுதான் முழு விஷயமே. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிஷம், அதற்கு மேல் போனதில்லை. பேசினுக்குப் பதில் மெல்லிய பாய், அப்புறம் அதுவும் இல்லை. ஹீல் என்ற சொல்லைக் கடைசியில்தான் சேர்த்தேன், செயல் சரியாக வந்த பிறகு. கோணலாக உட்காரும்போது பத்து தடவை ஹீல், ஹீல் என்று சொன்னால் கோணலுக்குப் பெயர் ஹீல் என்றுதானே நாய் படிக்கும்?

இன்னொரு குற்றவாளி என் வலது கை. தீனியை வலது கையில் வைத்து, என் வயிற்றுக்குக் குறுக்கே நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலை கையைத் தேடி முன்னால் வளைந்தது, பின்பாகம் வெளியே போனது. அத்தனை மாதமும் கோணலுக்குச் சம்பளம் கொடுத்தவன் நானே. இப்போது இடது கையில், தையலை ஒட்டி, அவள் மூக்கு உயரத்தில் கொடுக்கிறேன். என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவதில்லை. முகத்தையே பார்த்து நடக்கும் நாய் கீழ்ப்படிதல் போட்டிக்கு அழகு, ரெட்ரீவர் முன்னால் பார்க்க வேண்டும்.

எதிரே நிற்கும் நாயை உள்ளே கொண்டுவர இடது காலை ஒரு அடி பின்னால் வைத்து, இடது கையைக் காட்டி அவளைப் பின்னுக்கு வரவழைத்து, என் பக்கமாகத் திருப்பி, காலை முன்னால் கொண்டுவந்தேன். அவளும் கூடவே சுழன்று வந்தாள். முதுகுக்குப் பின்னால் சுற்றி வர வைப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு கணம் நாய் கண்ணில் படாமல் போகிறது.

வாயில் டம்மி இருக்கும்போது கதை வேறு. எடுத்த பொருளைக் காட்டி ஊர்வலம் போகத்தான் ஆசை. கை நீட்டினால் விலகி ஓடுவாள். அதனால் அவள் வந்து நேராக உட்காரும் வரை கையை அசைப்பதில்லை. அடுத்த வீச்சுதான் பரிசு, பிஸ்கட் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வீசினால் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளுகிறாள், அதனால் நடுநடுவே வீசாமல் சும்மா நிற்கிறேன்.

நாய் பக்கத்தில் நடந்தால் நீங்கள் தலைவர் என்று ஒப்புக்கொண்டது என்பார்கள். அந்தத் தலைவர் கதைக்கு மூலம் 1947இல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிவிட்டார். மின்னி என்னை எதாகவும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. நேற்றுக்கூட டம்மியோடு ஓடிவந்து, சுழன்று, தையலுக்கு நேராகத் தோளை வைத்து அழகாக உட்கார்ந்தாள். நான் "யெஸ்" சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் ஒரு இடுப்பைச் சரித்து, சோம்பேறியாக ஒருக்களித்துக்கொண்டாள். அந்தச் சரிவுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.