நிறம் ஏற்றிய படம் ஆவணம் ஆகாது

திருகோணமலைப் பக்கக் காடுகளில் பாறை ஒதுக்குகளில் பழைய ஓவியங்களைத் தேடிப் போகும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதையும் சோக்கால் கோட்டை எடுப்பாக்குவதையும் விட்டுவிட்டு, மங்கிய ஓவியத்தைப் படத்தில் எடுப்பாக்கும் டீஸ்ட்ரெச் என்ற மென்பொருளைப் பாவிக்கத் தொடங்கியவர்களைப் பாராட்ட வேண்டும். தண்ணீர் பட்டால் கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து மேலே வரும். காயும்போது அது மேற்பரப்பைப் பெயர்க்கும், ஓவியமும் சேர்ந்து உதிரும். ஆனால் ஊதாவும் மஞ்சளுமாக மாற்றிய படத்தை மட்டும் பேஸ்புக்கில் போட்டுவிட்டு மூலப் படத்தை அழித்துவிடுவது சரியே இல்லை. ஆவணம் என்பது அந்த மூலப் படம்தான்.

டீஸ்ட்ரெச் இல்லாததை உண்டாக்குவதில்லை. கண்ணுக்குப் பிடிபடாத சிறிய நிற வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்குகிறது. செய்மதிப் படங்களுக்குப் பாவித்த ஒரு கணக்கை ஜோன் ஹார்மன் 2005 இல் பாறை ஓவியங்களுக்கு ஏற்றபடி அமைத்தார். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளோடு இணைந்து அது ஓடும். காவி, செம்மண் நிறங்களுக்கு வைஆர்ஈ, எல்ஆர்ஈ, மஞ்சளுக்கு வைவைஈ, கறுப்புக்கு வைபிகே என்று தெரிவுகள் உண்டு. பலர் கவனிக்காத ஒன்று: தெரிவு செய்த பகுதியில் உள்ள நிறங்களை வைத்துத்தான் அது கணக்குப் போடும். படத்தின் ஓரத்தில் இலையோ வானமோ இருந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்து, ஓவியம் அமுங்கிவிடும். பாறையை மட்டும் கட்டமிட்டுத் தெரிவு செய்து, பிறகு ஓட்டுங்கள்.

மூலப் படம் ஜேபெக் என்றால் வேறொரு வில்லங்கம். ஜேபெக் நிறத் தகவலைப் பெரும்பாலும் குறைத்துத்தான் சேமிக்கிறது. இழுத்துப் பெரிதாக்கும்போது சின்னச் சின்னச் சதுரங்கள் எழும்பும், அவற்றைக் கோடு என்று நம்பிவிடுவோம். கமராவில் ரோ, போனில் ‘ப்ரோ’ நிலையில் டிஎன்ஜி என்ற, நிறத் தகவலைக் குறைக்காத கோப்பாக எடுங்கள். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8, ட்ரைபொட், கை படாமல் 2 செக்கன் டைமர். கமராவோடு சேர்ந்த ஃபிளாஷ் வேண்டாம்.

வெளிச்சத்தில்தான் அதிகம் பிழை நேர்கிறது. ஒதுக்கின் வாயில் மரங்கள் அடர்ந்து நின்றால், இலையில் பட்டுத் தெறிக்கும் ஒளி பாறை முகட்டில் பச்சையாக விழும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். நிற அட்டையையும் 10 சென்ரிமீற்றர் அளவுகோலையும் முதல் படத்திலேயே வையுங்கள். வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி வையுங்கள். அளவுகோலை ஓவியத்தின் தளத்திலேயே தடியால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பசையோ புளூடாக்கோ கல்லில் எண்ணெய்க் கறையை விட்டுவிடும்.

இனி, நம் நாட்டுக்கே உரிய சிக்கல். டீஸ்ட்ரெச் செந்நிறத்தில்தான் மிக நன்றாக வேலை செய்யும். இலங்கையில் வெள்ளையும் சாம்பல் நிறமுமான ஓவியங்கள் நிறைய. சாம்பலை எச்சிலில் குழைத்து இலங்கைப் பழங்குடிகளான வேடர்களின் பெண்கள் விரலால் வரைந்ததை மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியான தங்கள் ஆய்வில் பதிந்திருக்கிறார்கள். சாம்பல் நிறக் கல்லில் சாம்பல் கோடு என்றால் இழுப்பதற்கு நிற வேறுபாடே இல்லை. அங்கே டீஸ்ட்ரெச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். விளக்கின் முன் போலரைசிங் தாளும் லென்சில் போலரைசிங் ஃபில்டரும் போட்டு, ஃபில்டரை மினுக்கம் அடங்கும்வரை திருப்புங்கள். கல்லில் உள்ள மைக்காவின் பளபளப்புப் போனதும் கோடு தானாகத் தெளியும். ஒளி வெகுவாகக் குறையும், ட்ரைபொட் இல்லாமல் நடக்காது. வெள்ளை விவரமின்றி வெளுத்துப்போகாதபடி, கமரா காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்துக் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள்.

மாரி முடிந்த கையோடு போனால் கல்லில் பூத்த உப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாமல். உப்பானது நீர் கசிந்த தடத்தை ஒட்டிப் போகும், டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னும். விரலால் இழுத்த கோடு ஏறக்குறைய ஒரே அகலத்தில் வளைந்து போகும், நுனியில் மெலியும். பாறையில் வழியும் இரும்புக் கறையும் செம்மஞ்சள் பாசியும் இப்படித்தான் ஏமாற்றும். டீஸ்ட்ரெச்சில் அவை காவி போலவே சிவக்கும்.

பாறையில் கொத்திய உருவங்களுக்கு நிறம் உதவாது, நிழல்தான் உதவும். அந்தி சாய்ந்த பிறகு கமராவை அசையாமல் நிறுத்தி, பளபளப்பான கறுப்புக் குண்டு இரண்டைச் சட்டத்துக்குள் வைத்து, விளக்கை மட்டும் சுற்றிவர நகர்த்தி 40 முதல் 60 படங்கள் எடுக்க வேண்டும். உருவத்தின் மூலைவிட்ட நீளத்தைப் போல் மூன்று மடங்குக் கயிறு ஒன்றைக் கட்டிப் பிடித்தால் விளக்கின் தூரம் மாறாது. குண்டுகளில் தெரியும் மினுக்கத்தை வைத்து ஒளியின் திசையைக் கணக்கிடும் ஆர்டிஐ என்ற மென்பொருள் அதன்பின் ஒளியை நாம் விரும்பும் பக்கம் திருப்பிக் காட்டும். பல படங்களைச் சேர்த்து முப்பரிமாண மாதிரி செய்வதென்றால் ஒவ்வொரு படமும் அடுத்ததோடு 60 முதல் 80 வீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். நின்ற இடத்திலேயே கமராவைத் திருப்பாமல், பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள்.

எந்தப் படமும் வயதைச் சொல்லாது. ‘பத்தாயிரம் வருடம்’ என்று எழுதுவதற்கு நிறம் ஏற்றிய படம் ஆதாரம் இல்லை. அதன் கீழே யாருடைய பாட்டன் வரைந்தது என்று கருத்துப்பெட்டியில் சண்டை பிடிப்பது, மூதூரிலும் வெருகலிலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களுக்குச் செய்யும் மரியாதையும் இல்லை. போகுமுன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.

பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் படத்தைச் சுருக்கிவிடும், அவை களஞ்சியம் அல்ல. மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கிலாவது, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினால் போன் பதிந்த இடக்குறிப்பும் கூடவே போகும். புதையல் தோண்டுகிறவர்களுக்கு அது போதும், அனுப்புமுன் நீக்கிவிடுங்கள். நிறம் ஏற்றிய படத்தைப் போடுவதென்றால் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து, எந்தத் தெரிவில் மாற்றியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் யார் வீட்டிலாவது இப்படியான பாறைகளை எடுத்த பழைய பிலிம் நெகட்டிவ் இருந்தால் வீசாதீர்கள். சாயம் மங்கியிருக்கும், நிறத்தை ஒப்பிட முடியாது. ஆனால் 2400 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்தால், அன்றைக்கு இருந்த கோட்டில் எவ்வளவு இன்றைக்கு உதிர்ந்துபோயிருக்கிறது என்று அளந்து பார்க்கலாம்.